வெளியூரிலிருந்து வீட்டைப் பார்ப்பவர்களுக்கு

(வளவனூரில் பொதுமக்களிடையே ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



விழுப்புரத்திலிருந்து புதுச்சேரி போகிற சாலையில் நம் ஊருக்குள் நுழைந்தால் இன்றைக்குக் கடைக்குக் கடை கேமரா தொங்குகிறது. ஒரு காலத்தில் நகைக்கடையிலும் வங்கியிலும் மட்டும் பார்த்த பொருள் இப்போது மாடி வீட்டு வராண்டாவுக்கும், கரும்புக் கொல்லைக்கு நடுவே இருக்கிற மோட்டார் கொட்டகைக்கும் வந்துவிட்டது. காரணம் உங்களுக்கே தெரியும். பிள்ளைகள் சென்னையிலும் பெங்களூருவிலும் துபாயிலும் இருக்கிறார்கள். அப்பாவும் அம்மாவும் இங்கே. ராத்திரி ஒன்பது மணிக்குப் போன் எடுக்கவில்லை என்றால் அங்கே ஒருவருக்குத் தூக்கம் போய்விடுகிறது.

இந்தப் பயத்தைச் சாதாரணமாகத் தள்ளிவிட முடியாது. 2024 நவம்பரில் பல்லடம் அருகே சேமலைகவுண்டம்பாளையத்தில் தோட்டத்து வீட்டில் ஒரே குடும்பத்தைச் சேர்ந்த மூன்று பேர் கொல்லப்பட்டார்கள். 2025 மே மாதத் தொடக்கத்தில் ஈரோடு மாவட்டம் சிவகிரி பக்கம், தோட்டத்தில் தனியாக இருந்த வயதான தம்பதி கொல்லப்பட்ட செய்தி வந்தது. அந்தச் செய்திகளைப் படித்த அன்றைக்கு எத்தனை பிள்ளைகள் ஊருக்குப் போன் போட்டிருப்பார்கள்! அதனால் கேமரா வேண்டாம் என்று சொல்ல நான் வரவில்லை. மாட்டுங்கள். எத்தனை மெகாபிக்சல், இருட்டில் கலரில் தெரியுமா, எத்தனை நாள் பதிவு நிற்கும் என்றெல்லாம் கேட்டுத்தான் வாங்குகிறீர்கள். அதோடு இன்னும் ஒன்றையும் கேளுங்கள் என்று சொல்லத்தான் வந்தேன். உங்கள் வீட்டுப் படம் எந்த வழியாக வெளியே போகிறது? அந்த வழியில் நுழைய யார் யாருக்கு உரிமை இருக்கிறது? இது கேமரா மாட்டியவருக்குத் தெரிந்தால் போதாது. வீட்டுக்காரருக்குத் தெரிய வேண்டும்.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், 2025 பிப்ரவரியில் குஜராத்தில் நடந்தது நம் வீட்டிலும் நடக்கலாம். ராஜ்கோட்டில் ஒரு மகப்பேறு மருத்துவமனை. பரிசோதனை அறையில் கேமரா இருந்திருக்கிறது. அங்கே கர்ப்பிணிப் பெண்களுக்கு ஊசி போடுகிற காட்சிகள் யூடியூபில் வந்தன. முழுக் காட்சி வேண்டுமானால் பணம் கட்டு என்று டெலிகிராமில் விற்றார்கள். அகமதாபாத் சைபர் குற்றப் பிரிவு விசாரித்தபோது மகாராஷ்டிரத்திலும் உத்தரப்பிரதேசத்திலும் ஆட்கள் பிடிபட்டார்கள். அந்த மருத்துவமனை வாசலையே மிதிக்காதவர்கள். செய்திகளில் வந்த விவரப்படி அந்தக் கேமரா அமைப்பின் பாஸ்வேர்டு, admin என்கிற சொல்லோடு 123 சேர்த்தது. கருவியோடு வந்ததை யாரும் மாற்றவே இல்லை. அந்தப் பெண்கள் யாரும் எந்தத் தப்பும் செய்யவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போனார்கள், அவ்வளவுதான். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரிகிறது.

“நம்ம ஊர் வீட்டை எவன் தேடி வரப்போறான்?” என்று கேட்பவர்கள் உண்டு. யாரும் உங்களைத் தேட வேண்டியதில்லை. இணையத்தில் பழைய வகை முகவரிகள், ஐபிவி4 என்பார்கள், மொத்தமே சுமார் 429 கோடிதான். 2013இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்துக்காரர்கள் ஒரு மென்பொருள் எழுதிக் காட்டினார்கள். நல்ல வேகமுள்ள ஒரே கணினி அத்தனை முகவரிகளையும் முக்கால் மணி நேரத்துக்குள் தட்டிப் பார்த்துவிடும். வளவனூரும் நியூயார்க்கும் அதற்கு ஒன்றுதான். 2016இல் மிராய் என்று ஒரு கெட்ட நிரல் கிளம்பியது. அதன் கையில் இருந்தது அறுபது சொச்சம் பாஸ்வேர்டுகள் கொண்ட ஒரு பட்டியல், எல்லாம் கம்பெனி வைத்து அனுப்பும் பாஸ்வேர்டுகள். அதை வைத்தே லட்சக்கணக்கான கேமராக்களையும் டிவிஆர்களையும் ரவுட்டர்களையும் தன்வசப்படுத்தியது. அந்த வருடம் அக்டோபர் 21ஆம் தேதி, இப்படிப் பிடிபட்ட கருவிகளை ஏவி டைன் என்கிற நிறுவனத்தைத் தாக்கியதில் அமெரிக்காவில் ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ் எல்லாம் பல மணி நேரம் திறக்கவில்லை. கருவியின் சொந்தக்காரர்களுக்கு ஒன்றும் தெரியாது. அவர்கள் வீட்டில் படம் நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது.

சரி, படம் எப்படி வெளியே போகிறது என்பதற்கு வருவோம்.

உங்கள் வீட்டுக் கேமராவுக்கும், படத்தைப் பதிந்துவைக்கும் என்விஆர் பெட்டிக்கும் ரவுட்டர் ஒரு முகவரி கொடுக்கிறது. பெரும்பாலும் 192.168 என்று தொடங்கும். அந்த முகவரி உங்கள் வீட்டுக்குள்தான் செல்லும். பக்கத்து வீட்டிலும் அதே 192.168 இருக்கும். வெளியுலகுக்குத் தெரிவது ரவுட்டருக்குக் கம்பெனி கொடுக்கும் இன்னொரு முகவரி. ஒரே கேட்டு வைத்த காம்பவுண்டுக்குள் வரிசையாகக் குடித்தனங்கள் இருக்கிற மாதிரி வைத்துக்கொள்ளுங்கள். தெருவில் போகிறவருக்குத் தெரிவது கேட்டில் எழுதிய எண் மட்டும். உள்ளே மூன்றாவது வீட்டுக்காரரைப் பார்க்க வேண்டுமென்றால், கேட்டில் ஒருவர் நின்று “இந்தப் பக்கம் போங்க” என்று கைகாட்ட வேண்டும்.

அப்படிக் கைகாட்டச் சொல்லி ரவுட்டரில் எழுதிவைப்பதைத்தான் போர்ட் ஃபார்வர்டிங் என்கிறார்கள். பத்துப் பதினைந்து வருடத்துக்கு முன்பு பெரும்பாலும் இதுதான் வழி. என்விஆரில் போர்ட் என்கிற எண்ணிட்ட வாசல்கள் உண்டு, அவற்றில் 8000ஐயோ 37777ஐயோ வெளியே திறந்துவிடுவார்கள். ரவுட்டரின் முகவரி அடிக்கடி மாறுவதால் டிடிஎன்எஸ் என்று ஒரு நிலையான பெயரையும் வாங்கிக் கட்டுவார்கள். இன்றும் சில வீடுகளில் இப்படித்தான் இருக்கிறது. அப்படி இருந்தால் மூடிவிடுங்கள். அங்கே கைகாட்டுகிறவர், வந்தவர் உங்கள் மகனா திருடனா என்று பார்ப்பதில்லை. யார் வந்தாலும் நேராகக் கேமராவிடம் அனுப்பிவிடுகிறார். கேமராவின் பாஸ்வேர்டை எவ்வளவு கடினமாக வைத்தாலும் இது தீராது. ஹிக்விஷன் நிறுவனத்தின் சில கேமராக்களில் பாஸ்வேர்டே கேட்காமல் உள்ளே போகும் ஓட்டை இருந்தது 2017இல் வெளிவந்தது. 2021இல் இன்னொன்று, அதைவிட மோசம். இரண்டுக்கும் நிறுவனம் திருத்தம் வெளியிட்டது. ஆனால் மாட்டிய பிறகு கேமராவின் மென்பொருளைப் புதுப்பிக்கும் வழக்கம் நம் ஊரில் எத்தனை வீட்டில் இருக்கிறது? வெளியே திறந்து வைக்காத கேமராவில் அந்த ஓட்டை இருந்தால்கூட, வெளியிலிருந்து நேராக அதைத் தொட முடியாது. இதுதான் வித்தியாசம். ரவுட்டரில் யூபிஎன்பி என்று ஒரு வசதி இருக்கும். அது இயங்கிக்கொண்டிருந்தால் கேமராவே ரவுட்டரிடம் கேட்டு, உங்களுக்குத் தெரியாமல் இந்தக் கைகாட்டலை எழுதிக்கொள்ளும். அதையும் அணைத்துவிடுங்கள்.

இப்போது பலருக்குப் போர்ட் ஃபார்வர்டிங் செய்தாலும் வேலை செய்வதில்லை. “எல்லாம் சரியா போட்டேன் சார், வெளியில இருந்து வரவே மாட்டேங்குது” என்று கேமரா மாட்டுகிற தம்பிகள் தலையைப் பிய்த்துக்கொள்வார்கள். கோளாறு அவர்களிடம் இல்லை. ஐபிவி4 முகவரிகளின் மையக் கையிருப்பு 2011 பிப்ரவரியிலேயே தீர்ந்துவிட்டது. அதனால் இணையக் கம்பெனிகள் ஒரு முகவரியைப் பல வீடுகளுக்குப் பங்கு போட்டுக் கொடுக்கின்றன. சிஜிநேட் என்று பெயர். அதாவது, உங்கள் காம்பவுண்டே இன்னொரு பெரிய காம்பவுண்டுக்குள் இருக்கிறது. அந்த வெளி கேட்டில் கைகாட்டச் சொல்ல உங்களுக்கு உரிமை கிடையாது. ரவுட்டரின் பக்கத்தைத் திறந்து வான் (WAN) முகவரி, அதாவது கம்பெனி கொடுத்த வெளி முகவரி, என்ன என்று பாருங்கள். 100.64க்கும் 100.127க்கும் இடையில் தொடங்கினால் இந்த நிலைதான். பாதுகாப்பு என்று பார்த்தால் இது நமக்கு ஓரளவு நல்லதே. ஐபிவி6 என்கிற புதிய வகை முகவரி வந்த இணைப்புகளில் கதை வேறு. அங்கே ஒவ்வொரு கேமராவுக்கும் தனி உலக முகவரியே கிடைக்கக்கூடும். ரவுட்டரின் ஐபிவி6 ஃபயர்வால் இயங்குகிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

அப்படியானால் இன்று நம் ஊரில் பெரும்பாலானவர்கள் போனில் எப்படிப் பார்க்கிறார்கள்? ஆப்பை இறக்குகிறார்கள், கேமராவின் அடியில் ஒட்டியிருக்கும் க்யூஆர் கோடை ஸ்கேன் செய்கிறார்கள், படம் வந்துவிடுகிறது. பின்னால் நடப்பது என்ன? உங்கள் கேமரா உள்ளேயிருந்து தானாகவே கம்பெனியின் சர்வரைக் கூப்பிட்டு, நான் இந்த எண்ணுள்ள கேமரா, இங்கே இருக்கிறேன் என்று சொல்லிவைத்துக்கொண்டே இருக்கிறது. உங்கள் போனும் அதே சர்வரிடம் போகிறது. சர்வர் இரண்டையும் நேராக இணைத்துவைக்கப் பார்க்கிறது. முடியவில்லை என்றால் படத்தைத் தன் வழியாகவே அனுப்புகிறது. கைகாட்ட யாரும் தேவைப்படவில்லை, ஏனென்றால் பேச்சு உள்ளேயிருந்து தொடங்குகிறது. அதனால்தான் சிஜிநேட் இருந்தாலும் இது வேலை செய்கிறது.

வசதியான வழி, நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் இங்கே உங்கள் நம்பிக்கை முழுவதும் அந்தக் கம்பெனியின் மேல் இருக்கிறது. பெயர் தெரியாத மலிவுக் கேமராக்கள் பலவற்றில், இப்படிப் போனையும் கேமராவையும் இணைத்துவைக்க இருந்த ஒரு பீடூபீ மென்பொருளை 2019இல் பால் மாராபீஸ் என்கிற ஆய்வாளர் சோதித்தார். வரிசை எண்ணை ஊகித்தே கருவியைக் கண்டுபிடிக்க முடிந்தது. 20 லட்சத்துக்கு மேற்பட்ட கருவிகளில் அந்தப் பலவீனம் இருந்தது. 2024 பிப்ரவரியில் அமெரிக்காவில் வைஸ் என்கிற நிறுவனத்தின் வாடிக்கையாளர்கள் சுமார் 13,000 பேருக்கு அடுத்தவர் வீட்டுப் படம் தங்கள் ஆப்பில் தெரிந்தது. அவர்கள் யாரும் திருடர்கள் இல்லை. சர்வர் பக்கம் நேர்ந்த குளறுபடி. எனவே இந்த வழியில் போகிறவர்கள் பெயர் உள்ள, தொடர்ந்து திருத்தம் வெளியிடும் நிறுவனமாகப் பார்த்து வாங்குங்கள். நம் அரசே 2024 ஏப்ரலில் ஒரு விதி போட்டு, 2025 ஏப்ரல் 9 முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. இங்கே விற்கும் சிசிடிவி கேமராக்கள் பாதுகாப்புச் சோதனையில் தேற வேண்டும். அந்தச் சோதனையில் தேறியதற்கான எஸ்டிக்யூசி சான்று உள்ள மாடலா என்று கடையில் கேளுங்கள், பில்லில் மாடல் எண் எழுதி வாங்குங்கள். பில் இல்லாமல் வாங்கினால் இருநூறு ரூபாய் குறையும் என்பார்கள். அந்த இருநூறு வேண்டாம்.

இனி நான் மிகவும் கவலைப்படுகிற இடம். இந்தப் பக்கத்து வீடுகளில் திரும்பத் திரும்ப நான் பார்ப்பது இது. கேமரா மாட்ட ஒரு தம்பி வருகிறார். வீட்டில் பெரியவருக்கு மின்னஞ்சல் கிடையாது, ஓடிபி வந்தால் படிக்கக் கண்ணாடி தேட வேண்டும். தம்பிக்கு இன்னும் இரண்டு வீடு பாக்கி. தன் போன் எண்ணிலேயே கணக்கைத் திறந்து கேமராவைச் சேர்த்துவிட்டு, மகனுக்கு ஷேர் செய்துவிட்டுப் போய்விடுகிறார். எந்தக் கெட்ட எண்ணமும் இல்லை, அவசரம். ஆனால் அந்த ஆப்பின் கணக்குப்படி வீட்டுக் கேமராவின் உரிமையாளர் அந்தத் தம்பி. துபாயில் இருக்கிற மகன் விருந்தாளி. தம்பி போனைத் தொலைத்தால், விற்றால், தொழிலை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டு வெளிநாடு போனால், உங்கள் வரவேற்பறை யார் கையில் இருக்கிறது? சிலர் ஞாபகம் வைத்துக்கொள்ள எளிது என்று எல்லா வாடிக்கையாளருக்கும் ஒரே பாஸ்வேர்டு வைக்கிறார்கள். ஒரு வீட்டில் தெரிந்தால் ஊரே திறந்த மாதிரி.

இதற்குத் தீர்வு ரொம்ப எளிது. வேலை முடிந்ததும், காசு கொடுப்பதற்கு முன்னால், தம்பியின் கணக்கிலிருந்து கருவியை நீக்கச் சொல்லி, வீட்டு ஆள் ஒருவரின் எண்ணில் சேர்க்கச் சொல்லுங்கள். பிள்ளைகள் வெளிநாட்டில் இருந்தால் வீடியோ காலில் வரச் சொல்லி அவர்கள் கணக்கிலேயே சேர்க்கலாம். என்விஆரின் அட்மின் பாஸ்வேர்டை நீங்களே தட்டுங்கள். பிறந்த தேதி, வண்டி நம்பர் வேண்டாம். நாலைந்து சம்பந்தமில்லாத சொற்களைச் சேர்த்து நீளமாக வையுங்கள். ரேஷன் கார்டு வைக்கிற பீரோவில் ஒரு தாளில் எழுதிவைத்தால் ஒன்றும் குடி முழுகாது. இணையத்தில் திருடுகிறவன் உங்கள் பீரோவுக்கு வரப்போவதில்லை. ஆப்பில் இரட்டைச் சரிபார்ப்பு இருந்தால் போடுங்கள். கேமரா மாட்டுகிற தம்பிகள் இந்தக் கூட்டத்திலும் இருப்பீர்கள். உங்களை நான் மதிக்கிறேன், வெயிலில் ஏணி ஏறுகிற வேலை. வாடிக்கையாளரின் கணக்கை அவரிடமே ஒப்படைத்துவிட்டுப் போகிறவர் என்று பெயர் எடுங்கள், இந்த வட்டாரம் முழுவதும் உங்களைத்தான் கூப்பிடும்.

கம்பெனி சர்வரையே நம்ப வேண்டாம் என்று நினைப்பவர்களுக்கு மூன்றாவது வழி ஒன்று உண்டு. விபிஎன். வீட்டில் எப்போதும் இயங்கும் ஒரு சின்னக் கருவி வேண்டும். ராஸ்பெர்ரி பை போதும், பழைய லேப்டாப் போதும், சில ரவுட்டர்களிலேயே இந்த வசதி இருக்கிறது. அதில் வயர்கார்டு என்கிற மென்பொருளைப் போட்டால், மகனின் போன் எங்கே இருந்தாலும் அது நம் வீட்டு வைஃபைக்குள் இருப்பது போலவே ஆகிவிடும். என்விஆரை வெளியே யாருக்கும் காட்ட வேண்டியதில்லை. சாவி இல்லாமல் வருகிற போனுக்கு வயர்கார்டு பதிலே சொல்லாது, அங்கே ஒன்று இருப்பதே வெளியே தெரியாது. 2020 மார்ச்சில் இது லினக்ஸ் இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னலிலேயே சேர்ந்துவிட்டது. சிஜிநேட் இருக்கிற வீடுகளுக்கு டெயில்ஸ்கேல் என்று ஒன்று, அதே வயர்கார்டின் மேல் கட்டியது, வீட்டு உபயோகத்துக்கு இலவசம். இங்கே இருக்கிற இன்ஜினியரிங் மாணவர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்தால் தங்கள் வீட்டுக்குச் செய்துவிடலாம், பக்கத்து வீட்டுக்கும் செய்து கொடுக்கலாம். என்னைக் கேட்டால் இதைத்தான் முதலில் சொல்வேன். ஒன்று மட்டும் கவனம். அமீரகத்தில் விபிஎன் பயன்பாட்டுக்குச் சட்டக் கட்டுப்பாடு உண்டு. அங்கே இருக்கும் பிள்ளைகள் அந்த ஊர் விதியைத் தெரிந்துகொண்டு செய்யட்டும்.

பதிவு இடம், வேகம் பற்றிச் சுருக்கமாக. 2 மெகாபிக்சல் கேமரா ஒன்று எச்.265 என்கிற சுருக்கு முறையில் விநாடிக்குச் சுமார் 2 மெகாபிட் எடுக்கும் என்று வையுங்கள். நாலு கேமராவுக்கு ஒரு நாளைக்கு 86 ஜிபி. 1 டிபி ஹார்ட் டிஸ்க்கில் பதினொரு நாள் நிற்கும். வெளியூரிலிருந்து பார்ப்பதற்குச் சப் ஸ்ட்ரீம் என்று சின்ன அளவுப் படம் தனியாக இருக்கிறது, அதைத் தேர்ந்தெடுத்தால் போனில் தடங்கலில்லாமல் ஓடும். டவுன்லோடு வேகத்தைப் பார்த்து ஏமாறாதீர்கள். இங்கே வேண்டியது அப்லோடு.

கரண்ட் விஷயம் அதைவிடப் பெரியது. 2024 நவம்பர் 30ஆம் தேதி ராத்திரி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிப் பக்கம் கரையேறியதை நாம் மறக்கவில்லை. மயிலத்தில் ஒரே நாளில் அரை மீட்டரை ஒட்டிய மழை. விக்கிரவாண்டிக்கும் முண்டியம்பாக்கத்துக்கும் நடுவில் தண்ணீர் ஏறி ரயில்களை நிறுத்தினார்கள். பிள்ளைகளுக்கு வீட்டைப் பார்க்க வேண்டும் என்று மிகவும் தோன்றியது அந்த இரண்டு மூன்று நாள்தான். அப்போதுதான் கரண்ட் இல்லை, ஃபைபர் இல்லை, டவரும் தடுமாறியது. வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தும் பலருக்குப் படம் வரவில்லை. காரணம், ஃபைபர் பெட்டியும் ரவுட்டரும் இன்வெர்ட்டர் லைனில் இல்லாத பிளக்கில் இருந்தன. அடுத்த மழைக்காலத்துக்கு முன்னால் அவற்றை இன்வெர்ட்டர் லைனுக்கு மாற்றிச் செருகுங்கள். அல்லது ரவுட்டருக்கென்றே விற்கும் 12 வோல்ட் சின்ன யூபிஎஸ் ஒன்று வாங்குங்கள். கேபிள்காரரின் பக்கமே கரண்ட் போனால் நாம் ஒன்றும் செய்ய முடியாது. அதற்கென்று பக்கத்து வீட்டுக்காரரின் நம்பரைப் பிள்ளைகள் போனில் இன்றே சேர்த்து வைக்கட்டும்.

கேமராவில் தேதியும் நேரமும் சரியாக இருக்கிறதா என்றும் பாருங்கள். திருட்டு நடந்து பதிவைப் போலீஸில் கொடுக்கும்போது, 2024 ஜூலை முதல் நடப்பில் இருக்கும் பாரதிய சாட்சிய சட்டத்தின் 63ஆம் பிரிவுப்படி சான்றிதழும் வேண்டும். படத்தில் ஒரு நேரம், நடந்தது வேறு நேரம் என்றால் எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் அதைத்தான் பிடிப்பார்.

எங்கே மாட்டக் கூடாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். வாசல், மாடிப்படி, மாட்டுக்கொட்டகை, வண்டி நிறுத்தும் இடம், தாராளமாக. பின்பக்கம் மாட்டும்போது கோணத்தைப் பாருங்கள். நம் ஊரில் பல வீட்டுக் குளியலறை கொல்லைப்புறத்தில்தான் இருக்கிறது, அடுத்த வீட்டுடையதும் அங்கேதான். பிரைவசி மாஸ்க் என்று அந்தப் பகுதியைக் கறுப்பாக மறைக்கும் வசதி பெரும்பாலான நல்ல கேமராக்களில் உண்டு. ஒருவரின் அந்தரங்க உறுப்புகளைச் சம்மதமின்றிப் படம் பிடித்தால் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66இ பிரிவில் மூன்று வருடம் வரை சிறை. கூட்டுக் குடும்பமாக ஒரே வீட்டில் இருப்பவர்கள் இன்னொன்றும் தெரிந்துகொள்ள வேண்டும். ஒரே வீட்டில் வசித்த அண்ணன் தம்பி வழக்கில், கூடக் குடியிருப்பவரின் சம்மதம் இல்லாமல் குடியிருப்புப் பகுதிக்குள் கேமரா இயக்கக் கூடாது என்று கல்கத்தா உயர் நீதிமன்றம் 2025இல் சொன்னது. உச்ச நீதிமன்றமும் அதில் தலையிடவில்லை.

அம்மாவும் அப்பாவும் அப்படிக் குடியிருப்பவர்கள்தான் என்பதைப் பிள்ளைகள் நினைவில் வைக்க வேண்டும். படுக்கையறைக்குள் கேமரா வைத்துவிட்டு, “உங்க நல்லதுக்குத்தான்மா” என்று சொன்னால் போதாது. ஒரு அம்மா தன் வீட்டுக் கூடத்தில் புடவை முந்தானையைச் சரிசெய்துகொண்டே நடமாட வேண்டிய நிலை வந்தால், அந்தக் கேமரா அவருக்குப் பாதுகாப்பா, காவலா? எங்கே மாட்டலாம் என்று அவர்களைக் கேளுங்கள். ஆப்பில் எப்படி அணைப்பது என்றும் அவர்களுக்கே காட்டிக்கொடுங்கள். விழுந்துவிடுவார்களோ என்ற பயம் இருந்தால், கழுத்தில் போட்டுக்கொள்ளும் அழைப்புப் பொத்தான்கள் இப்போது கிடைக்கின்றன. குளியலறைக்கு அதுதான் சரி.

உங்கள் வீட்டுக் காட்சி எங்காவது வெளியே வந்துவிட்டதாகச் சந்தேகம் வந்தால் தயங்காமல் சைபர் குற்ற உதவி எண்ணான 1930க்குக் கூப்பிடுங்கள். உடனே என்விஆரின் இணைய வயரைப் பிடுங்குங்கள். எதையும் அழிக்க வேண்டாம், விசாரணைக்கு அது வேண்டும். பழைய என்விஆரை விற்பதாக இருந்தால் மட்டும் ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி வைத்துக்கொண்டு, கணக்கிலிருந்து கருவியை நீக்கிவிட்டு விற்கவும்.

கேள்விகளுக்கு அரை மணி நேரம் கொடுத்திருக்கிறார்கள். ஆப்பைத் திறந்து, கருவி யார் பெயரில் இருக்கிறது என்று பார்க்கத் தெரியாதவர்கள் முன்னால் வாருங்கள், முதலில் உங்களுடையதைப் பார்த்துவிடுவோம்.